நைனா சிரித்த இடம்

போன கோடை விடுமுறையில் என் மகன் கைபேசியில் வேறு எதையோ தேடப்போய், சின்ன வயதில் நாங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் டிவியில் பார்த்த மெஸ் நாடகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். யாரோ புண்ணியவான் பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார். எல்லா வாரமும் இல்லை. இருந்தவற்றிலும் பாதிக்கு முகம் சரியாகத் தெரியவில்லை. நடுநடுவே படம் கோடுகோடாகக் கீழே இறங்கியது. ஆனாலும் தொடக்க இசை காதில் விழுந்ததும் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தேன். "இத மாதிரி காமெடி அப்புறம் வரவே இல்லடா" என்று அவனையும் பக்கத்தில் பிடித்து உட்கார வைத்தேன்.

திருவல்லிக்கேணி பக்கம் ஒரு மெஸ். அதற்கு ஒரு தொந்தி வைத்த முதலாளி. மாடியில் தங்கியிருக்கும் நான்கு பிரம்மச்சாரிகள். எல்லாருக்கும் மேலாக ஒரு சமையல்காரர். நாடகம் ஓடியதே அவரால்தான். அவருக்குக் காது கேட்காது. கரண்டியைக் காதுக்குப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆங்?" என்று ஒரு இழுப்பு இழுப்பார். "சாம்பார்ல உப்பு இல்லையே" என்றால், "சுப்புவா? அவன் ஊருக்குப் போயிட்டானே" என்பார். முதலாளி "மாடிக்காரங்க வாடகை குடுத்தாங்களா?" என்று கேட்பார். "வாழைக்கா அப்பவே நறுக்கியாச்சு" என்று பதில் வரும். அவ்வளவுதான். அதற்கு எங்கள் வரிசையின் ஆறு வீட்டுப் பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவோம்.

என் மகன் உருளவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "அம்மா, அவருக்குக் காது கேக்கல. அவ்ளோதானே ஜோக்கு?" என்றான்.

"ஆமா" என்றேன்.

அவன் எழுந்து போன பிறகும் நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாரம் வந்தது. அது எந்த வாரம் என்று சொல்ல வேண்டுமானால் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பம். அதிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வேலைக்கு நுழைந்த முதல் ஆள் அவர். பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை உள்ளே கொடுத்தால் மெஷின் ஒரே அடியில் வெட்டி வளைத்துத் தள்ளும். அந்த அடி நாள் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். அம்மாவோடு சாப்பாடு கொண்டுபோகிற நாட்களில் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே காலடியில் தரை அதிரும்.

எங்கள் வரிசையில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட ஷாப்புகளில்தான் இருந்தார்கள். எல்லாரும் கத்திப் பேசினார்கள். அவர்களிடமும் கத்திப் பேச வேண்டியிருந்தது. அதனால் அப்பாக்கள் என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை எங்கள் டீச்சரின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, டீச்சரிடம் மெல்லிய குரலில் ஏதோ பேசிவிட்டுப் போனார். பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது. கம்பெனி சொசைட்டியில் வாங்கியது. இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி. செவ்வாய்க்கிழமை நாடகம் போட்டால் நைனாவும் எங்களோடு உட்காருவார். ஆனால் டிவியைப் பார்ப்பதைவிட எங்கள் முகங்களைத்தான் அதிகம் பார்ப்பார். நாங்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில் அவர் சிரிக்கத் தொடங்குவார். மறுநாள் காலையில் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து முகம் மழித்துக்கொண்டே, "அந்தக் கரண்டிக்காரன் நேத்து இன்னா சொன்னான்? செஞ்சு காட்டு" என்பார். நான் அடுக்களையிலிருந்து கரண்டியை எடுத்துவந்து முழு நாடகத்தையும் அவர் முன்னால் நின்று நடிப்பேன். அப்போதுதான் அவர் உண்மையாகச் சிரிப்பார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. என் நடிப்பில் மயங்கித்தான் கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நைனாவுக்குக் காலில் அடிபட்டது. ஷாப்புக்குள் தகடு ஏற்றிய தள்ளுவண்டி பின்னாலிருந்து வந்து பாதத்தின் மேல் ஏறிவிட்டது. எலும்பு விட்டுப்போய், முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு வீட்டில் கிடந்தார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நைனா வீட்டில் இருப்பது புதுசு. மாவுக்கட்டின் மேல் பென்சிலால் பூ வரைய விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வந்தபோது செட்டர் மாமா வந்திருந்தார். நைனாவின் மெஷினுக்கு டை, அதாவது தகட்டை வெட்டி வளைக்கிற அச்சு, மாட்டிக் கொடுக்கிறவர். எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாரையும்விட அதிகமாக வீட்டுக்கு வந்தவர். நைனா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வேலைக்கு நடுவில் ஓடிவந்த மாமா வாசலிலேயே நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சாய்ந்தரம் சூப்பர்வைசர் சார் வர்றாரு தங்கச்சி. பாக்கத்தான் வர்றேன்னு சொல்றாரு. ஆனா காது கேக்குதா கேக்கலியான்னு தெரிஞ்சுகினு போகத்தான் வர்றாரு."

"கேக்கலன்னா?"

"போன வருசம் ஒருத்தர ஊட்டுக்கு அனுப்சாங்க இல்ல? அவருக்கும் இதே கதைதான்."

அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். "வண்டி தள்ளுன புள்ள இன்னா சொல்லுது?"

"அவன் தொண்ட கிழிய கத்துனான். நாங்க அத்தினி பேரும் கேட்டோம். மச்சான் ஒருத்தன்தான் திரும்பல. ஆனா அந்தப் புள்ள ஆபீஸ்ல போயி, நான் கொரலே குடுக்கல சார், தப்பு என்னுதுன்னு சொல்லிக்கினு கீறான். சூப்பர்வைசர் நம்புன மாதிரி தெரியல."

இதெல்லாம் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. ஆனால் அன்றைக்கு இதில் ஒரு வார்த்தையையும் நான் நைனாவோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சாயந்தரம் விருந்தாளி வருகிறார், பிஸ்கட் வாங்குவார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

ஷிப்ட் விட்ட பிறகு மூன்று பேர் வந்தார்கள். சூப்பர்வைசர் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். கையில் ஒரு பை சாத்துக்குடி. உதடு தெரியாதபடி அடர்ந்த மீசை. மீசைக்குள்ளிருந்து குரல் வெளியே வரவே வெட்கப்பட்டது; அவ்வளவு மெதுவாகப் பேசினார். செட்டர் மாமா அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வண்டி தள்ளிய அண்ணன் உட்காரவே இல்லை. மீசை சரியாக முளைக்காத வயது. கதவோரம் நின்று நைனாவின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி எப்படி இருக்கு?" என்று மீசைக்குள் கேட்டார் சூப்பர்வைசர்.

நைனா அவருடைய வாயையே பார்த்தார். உடனே செட்டர் மாமா, "இன்னா மச்சான், சார் கேக்குறாரு இல்ல? வலி எப்டி கீதுன்னு!" என்று நைனாவின் முகத்துக்கு நேரே குனிந்து, விளையாட்டாக அதட்டுவதுபோல் கத்தினார்.

"பரவால்ல சார். ராத்திரிக்குத்தான் கொஞ்சம் குடைச்சல்."

சூப்பர்வைசர் ஏதோ கேட்பதும், மாமா அதைக் கிண்டல்போலத் திருப்பிக் கத்துவதும், நைனா பதில் சொல்வதுமாகக் கொஞ்ச நேரம் போனது. மாமா இன்றைக்கு ஏன் இவ்வளவு துள்ளுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் சூப்பர்வைசர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் பார்த்தார்.

"இன்னிக்கு செவ்வாக்கிழமையாச்சே. போடுங்களேன். நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள நாடகம் முடிஞ்சிடும்."

உண்மையிலேயே நாடகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் சொன்னாரா, இல்லை வேறு நினைப்பா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆபீஸரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அம்மா டிவியின் மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தா பாரு. நைனா நாற்காலியாண்ட தரையில உக்காந்துக்கோ. சிரிப்பு வர்ற எடத்துல எல்லாம் நைனா கால கிள்ளு. யாருக்கும் தெரியக்கூடாது."

"எதுக்கும்மா?"

"மாத்திர சாப்ட்டுகினு கீறாரு, கண்ண சொக்குது. தூங்கிட்டாருன்னா சார் தப்பா நெனச்சுக்குவாரு. நல்ல கால கிள்ளு. கட்டு போட்ட கால புடிச்சிட்டு நிக்காத."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எது சிரிப்பு, எது சிரிப்பில்லை என்று முடிவு செய்கிற வேலை எனக்குத்தான் கிடைத்திருக்கிறது. வரிசையின் மற்ற பிள்ளைகளை அன்றைக்கு அம்மா உள்ளே விடவும் இல்லை. நான் நைனாவின் நல்ல காலை அணைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

இசை முடிந்தது. சமையல்காரர் கரண்டியோடு வந்தார். மாடிக்காரர் ஒருவர், "ரசம் எங்க?" என்றார். "நிசமாத்தான் சொல்றேன்" என்றார் சமையல்காரர். கிள்ளினேன். நைனா சிரித்தார். சரியான இடத்தில், எங்களை எல்லாம் முந்திக்கொண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். செட்டர் மாமா, பஜனையில் உட்கார்ந்திருப்பதுபோலத் தொடை மேல் கைகளை வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தள்ளிய அண்ணனின் தலை தொங்கியிருந்தது. சூப்பர்வைசரோ டிவியையே பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து "மோர் தீந்துபோச்சா?" வந்தது. "ஊர்தான் எனக்கும், தஞ்சாவூர் பக்கம்" என்றார் சமையல்காரர். கிள்ளினேன். மறுபடி நைனா மட்டும் சிரித்தார். ஒவ்வொரு ஜோக்குக்கும் இதேதான். ஊரே சிரிக்கிற இடத்தில் கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே, இந்தக் கம்பெனிக்காரர்களுக்குச் சிரிக்கவே தெரியாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நைனாவின் கால் வியர்த்து என் கைக்குள் வழுக்கியது.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

மெஸ் முதலாளி தினமும் மதியம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனக்கு ஒரு இலையும், பக்கத்தில் யாருக்கோ இன்னொரு இலையும் போட்டுச் சாப்பிடுவார். மாடிக்காரர்கள் அதை வைத்து வாராவாரம் கேலி பேசுவார்கள். அந்த வாரம்தான் அவர் காரணத்தைச் சொன்னார். இரண்டாவது இலை செத்துப்போன அவர் மனைவிக்கு. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்ட மனுஷி. ஒருநாளாவது அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோமா என்று, அந்தத் தொந்தி குலுங்க அழுதார். பின்னால் வயலின் இழுத்தது.

அப்போது நான் பூனையைப் பார்த்தேன்.

ஸ்டுடியோவுக்குள் எப்படியோ புகுந்த பூனை. படத்தின் ஓரத்தில், மேசைக்குக் கீழிருந்து முதலில் காது, பிறகு தலை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார். பூனை முன்னங்காலைத் தூக்கி வைத்து, மனைவிக்குப் போட்ட இலையிலிருந்து அப்பளத்தைக் கவ்விக்கொண்டு இறங்கியது. அந்த நாடகத்தில் அதைவிடப் பெரிய சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. இரண்டு விரலாலும் பிடித்து, பலம் கொண்டமட்டும் கிள்ளினேன்.

நைனா வெடித்துச் சிரித்தார்.

தன் குரல் தனக்கே கேட்காதவர்களின் சிரிப்பு எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வரும். அவருடைய சிரிப்பு வீட்டையே நிறைத்தது. டிவியில் முதலாளி விம்மிக்கொண்டிருந்தார். நைனா தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பழக்கப்படி முகங்களைப் பார்க்கத் திரும்பினார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவருடைய வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் நின்றுவிட்டது. அடுக்களை வாசலில் அம்மா கையில் செம்போடு நின்றாள்.

முதலில் சிரித்தது வண்டி தள்ளிய அண்ணன். கதவோரத்திலிருந்து, ஏதோ வாயைக் கிழித்துக்கொண்டு வந்ததுபோல ஒரு சிரிப்பு. உடனே செட்டர் மாமா, "அய்யோ மச்சான், தாங்கல மச்சான்!" என்று நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சூப்பர்வைசர். மீசை முதலில் ஆடியது. பிறகு பல் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசுகிற அந்த மனிதர், நைனாவுக்குச் சமமாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். நைனாவின் முகம் தெளிந்தது. விட்ட இடத்திலிருந்து அவரும் மறுபடி சேர்ந்துகொண்டார். பெண்டாட்டியை நினைத்து ஒருவர் தேம்பிக் கொண்டிருக்க, நான்கு ஆண்களும் வீடு அதிரச் சிரித்தார்கள்.

இப்போது கைபேசியில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பூனை இருக்கிறது. நான் கற்பனை செய்யவில்லை. ஆனால் படத்தின் இடது கீழ்க்கோடியில், நிழல் மாதிரி, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இருக்கிறது. டிவிக்கு நேர் முன்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்த பிள்ளைக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். நாற்காலியிலும் கதவோரத்திலும் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர்கள் பார்த்தது அழுகிற ஒரு மனிதரை, கேட்டது வயலினை. அதற்குத்தான் அவர்கள் அப்படிச் சிரித்தார்கள்.

நாடகம் முடிந்ததும் சூப்பர்வைசர் எழுந்தார். நைனாவின் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். செருப்பு மாட்டும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னார்.

"கட்டுப் பிரிச்சதும் நேரா ஸ்டோர்ஸ்ல வந்து என்னைப் பாக்கச் சொல்லும்மா. அங்க வண்டி எதுவும் பின்னால வராது."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வண்டி தள்ளிய அண்ணன் கடைசியாக இறங்கினார். "அண்ணி, அண்ணாத்த கால் சரியாய்டும் இல்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். குரல் கொடுக்காமல் வண்டி தள்ளியதாக அவருக்குக் கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அதை அவர் கடைசிவரைக்கும் மறுக்கவில்லை. நைனா ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் அடுக்கி, ஓய்வு வயது வரைக்கும் வேலை பார்த்தார். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினார். முதல்நாள் மாட்டியதும், தெருவில் இவ்வளவு காக்காயா என்று ஆச்சரியப்பட்டார். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி நானும் அவரும் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அன்றைக்கு விருந்தாளிகள் போனதும் நான் அடுக்களைக்கு ஓடினேன். கிள்ளும் வேலையை ஒரு இடம் விடாமல் செய்து முடித்ததற்கு எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது. அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல யாருமே சிரிக்கலம்மா. நான் பெரிசா கிள்ளுனேன் பாரு, அப்பாலதான் எல்லாரும் பூனையப் பாத்தாங்க. பாத்ததும் சிரிச்சிட்டாங்க."

அம்மாவின் கை நின்றது. "எந்தப் பூன?"

தரையில் தவழ்ந்து, மேசையில் தொற்றி ஏறி, அப்பளத்தைக் கவ்விக்கொண்டு போகிற வரைக்கும் அவளுக்கு நடித்துக் காட்டினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஈரக்கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்குவது நிற்கவே இல்லை. என் கழுத்தில் சுடச்சுடக் கண்ணீர் விழுந்தது.

இவ்வளவு நல்ல காட்சியை அடுக்களை வாசலில் நின்றே தவறவிட்டுவிட்டாளே, அதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாதம்மா. அடுத்த வாரமும் பூன வரும்" என்றேன்.